ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே

ஜூன் 17, செவ்வாய்
இடைவெளி: நாலு விரல்

இந்த டைரி டயர் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்தது. ஆறு மாதமாக ஃபிரிட்ஜ் மேலே கிடந்தது. இன்று டாக்டரம்மா, "முப்பது வாரம் ஆச்சு கோகிலவாணி. எடை, கால் வீக்கம், குழந்தை அசைவு எல்லாத்தையும் தினமும் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க" என்றார். எழுதுகிறேன். எடை அறுபத்தெட்டு. வீக்கம் உண்டு. அசைவைக் கேட்கவே வேண்டாம், உள்ளே யாரோ அலமாரியைக் காலி செய்து திரும்ப அடுக்குகிற மாதிரி இருக்கிறது.

இதெல்லாம் டாக்டரம்மாவுக்கு. எனக்காக நானே ஒன்று சேர்த்துக்கொண்டேன். காரில் உட்கார்ந்தால் ஸ்டியரிங்குக்கும் என் வயிற்றுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்பது. நான் குள்ளம். சீட்டை முன்னால் இழுத்தால்தான் கிளட்ச் எட்டும். முன்னால் இழுத்தால் வயிறு ஸ்டியரிங்கைப் பார்த்துப் போகிறது. பதினோரு வருடமாக அந்தியூரில் வாணி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். ஒரே ஒரு வெள்ளைக் கார். இடது பக்கம் எனக்கென்று தனி கிளட்ச், தனி பிரேக். கற்றுக்கொள்கிறவர் தப்புச் செய்தால் நான் மிதிப்பேன். இதுவரை ஒரு நாய்க்குட்டி மேல்கூட என் வண்டி பட்டதில்லை.

டாக்டரம்மா இரண்டாவதாகச் சொன்னதுதான் வம்பு. இன்னும் இரண்டு வாரத்தோடு ஓட்டுவதை நிறுத்த வேண்டுமாம்.

"அப்புறம் பிரசவத்துக்கு என்னை யாருங்க இங்க கூட்டிட்டு வர்றது?"

"உங்க வீட்டுக்காரர்தான்."

வீட்டுக்காரர் சென்னியப்பன், கால்நடை ஆய்வாளர். சுற்றுவட்டாரத்து மாடுகளுக்கெல்லாம் ஊசி போடுகிறவர். மொபெட்டில் போவார், மொபெட்டில் வருவார். முட்ட வருகிற காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதோடு நியாயம் பேசுவார். கார் ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் அவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

"நான் கத்துக்கறேன் அம்மிணி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டாம் மாதத்தில் சத்தமாகச் சிரித்தால் என்ன ஆகும் என்று ஒருத்தியும் எனக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் புடவை மாற்ற வேண்டியதாயிற்று.

ஈரோட்டு ஆஸ்பத்திரி முப்பத்தைந்து கிலோமீட்டர். வாடகைக் கார், ஆட்டோ எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் எழுதப்போவதில்லை.

ஜூன் 20, வெள்ளி
இடைவெளி: நாலு விரல், கொஞ்சம் இறுக்கமாக

அவருக்கு எல்.எல்.ஆர். வந்துவிட்டது. காலையில் சந்தை மைதானத்தில் முதல் பாடம். நான் வழக்கம்போல் இடது சீட்டில், கால் பிரேக்கின்மேல்.

"கிளட்ச்ச மிதிங் மாமா. ஃபர்ஸ்ட் கியர். இப்ப மெதுவாக் கால எடுங்."

எடுத்தார். வண்டி நகர்ந்தது. நான் மிதித்தேன்.

"ஏனம்மிணி மிதிச்சே?"

"முன்னால வேப்பமரம்."

"அது அம்பதடி தள்ளியில்ல நிக்குது?"

"நீங்க போனீங்கன்னா கிட்ட வந்துரும்ல?"

முக்கால் மணி நேரத்தில் வண்டி இருபதடி போயிருக்கும். திரும்பி வரும்போது நானே ஓட்டினேன்.

இது தொழில் வியாதி, மறைப்பதற்கில்லை. பஸ்ஸில் போனாலும் என் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே வரும். சினிமாவில் கார் துரத்தினாலும் மிதிப்பேன். அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் எல்லோரும் எப்படித்தான் தூங்குகிறார்களோ, அதற்குத் தனியாக ஒரு தைரியம் வேண்டும்.

ஜூன் 23, திங்கள்
இடைவெளி: மூணரை விரல்

என் செருப்பு ஆறாம் நம்பர். இன்று ஸ்கூலுக்கு அவருடைய ஒன்பதாம் நம்பர் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். மெட்டி சதைக்குள் புதைந்துவிட்டது. சோப்பு, எண்ணெய், நூல் எல்லாம் போட்டுக் கழற்றுவதற்குள் மதியம் ஆகிவிட்டது. கணுக்கால் என்று ஒன்று எனக்கு இருந்தது, கல்யாண ஆல்பத்தில் பார்க்கலாம்.

சாயங்காலம் அவர் என் காலை மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். குழி விழுந்தது. முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு.

"இதுக்கு ஏன் பயப்படறே? சினை மாட்டுக்கும் கடைசியில இப்படித்தான் நீர் கோக்கும். அமுக்குனா குழி விழுகும். கன்னு போட்டா தானா வத்திரும்."

காலை உருவிக்கொண்டேன். இன்றுமுதல் இந்த வீட்டில் ஒரு சட்டம். மாடு, கன்று, சினை, மடி என்று எந்த வார்த்தை அவர் வாயில் வந்தாலும் அன்றைக்குச் சமையல் அவருடையது. எட்டு மணிக்குள் இரண்டு தடவை சொல்லிவிட்டார். அவர் வைத்த ரசம் நன்றாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

ஜூன் 28, சனி

நாள் முழுக்க விக்கல். எனக்கில்லை, உள்ளே இருப்பதற்கு.

ஜூலை 1, செவ்வாய்
இடைவெளி: இரண்டு விரல்

தேர் வீதி முக்கில் திரும்பும்போது வயிறு ஹார்னில் பட்டுவிட்டது. முன்னால் போன பால்காரர் ஒதுங்கினார். திருப்பி ஒடிக்கும்போது மறுபடி பட்டது. அவர் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தி, "நாந்தான் ஒதுங்கிட்டனே தாயி, இன்னும் என்ன பண்ணச் சொல்றே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார். கொடுத்துவிட்டேன். அவர் அதை அரிசி டிரம்மில் போட்டு வைக்கிறார். நான் எடுக்க மாட்டேன் என்று நம்புகிறார், பாவம்.

இடது சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது ஓட்டுவதில் சேருமா என்று டாக்டரம்மா சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

ஜூலை 6, ஞாயிறு
இடைவெளி: அளக்கவில்லை

வளைகாப்பு. வேண்டாம் என்றுதான் சொன்னேன். அம்மா காங்கேயத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஒறம்பரைச் சனத்தோடு வந்து இறங்கிவிட்டாள். கை வீங்கியிருப்பதால் வழக்கமான அளவு வளையல் ஏறவில்லை. வளையல்காரர் கையை எண்ணெய் போட்டு நீவி, கைக்குப் பதினொன்று ஏற்றினார். இனிமேல் நான் மூச்சு விட்டாலும் தெருவுக்குக் கேட்கும்.

எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு அம்மா பேச்சை எடுத்தாள்.

"தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான் கண்ணு. பொட்டியக் கட்டு, இப்பவே போலாம்."

"எனக்கு டெஸ்டுக்கு ஏழு பேர் நிக்கறாங்கம்மா. ஈரோட்டு டாக்டரும் இங்கிருந்துதான் கிட்ட."

"ஆமா, பெரிய கலெக்டர் சோலி. போன தடவையும் இப்படித்தான் சொன்னே, அப்புறம்..."

அம்மா நிறுத்திக்கொண்டாள். அவர் எழுந்துபோய் மிச்ச வெற்றிலையை எடுத்து வைத்தார். நான் வளையலை எண்ணினேன். கடைசியில் அம்மா ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி இங்கே வந்து கூட இருப்பதாக முடிவாயிற்று. பிரசவத் தேதி ஆகஸ்ட் இருபத்தாறு. ஆக அவசரம் ஒன்றும் இல்லை.

ஜூலை 10, வியாழன்
இடைவெளி: ஒன்றரை விரல்

இன்று கண்ணாடி முன் நின்று முழு வண்டியையும் ஒரு தடவை பரிசோதித்தேன். தொப்புள் வெளியே வந்துவிட்டது, இப்போது புடவைக்கு மேலேயே தெரிகிறது. அதிலிருந்து கீழே நேராக ஒரு கறுப்புக் கோடு. இடுப்பின் இரண்டு பக்கமும் வரி வரியாகத் தழும்பு. கழுத்தைச் சுற்றிக் கறுத்திருக்கிறது, தேய்த்தாலும் போகவில்லை. நெஞ்செரிச்சலுக்குக் குளிர்ந்த பால் குடித்தால் பால் நெஞ்சில் ஏறுகிறது. தும்மினால் ஆபத்து. இடது பக்கமாகப் படு என்கிறார்கள், படுத்தால் உள்ளேயிருந்து வலது பக்கம் உதை. நடை மாறிவிட்டது. மாவு மில் மரகதம் அக்கா, என்னிடம் வண்டி கற்றுக்கொள்கிறவர், மூன்று தடவை எட்டுப் போட்டுத் தோற்றவர், அவர் சொல்கிறார்: "வாணி, நீ நடக்கறது ரெண்டு கையிலயும் தண்ணிக் குடம் வெச்சுட்டு வர்றாப்ல இருக்குது."

ரவிக்கையில் மஞ்சளாக ஈரம். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்ததும் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். "நல்லதுதான் அம்மிணி" என்று மட்டும் சொன்னார். அது சீம்பால் என்று எனக்கும் தெரியும்.

ஜூலை 13, ஞாயிறு
இடைவெளி: ஒரு விரல்

ஆறாவது பாடம். சண்டை. பவானி ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் போவதாக ஏற்பாடு. முதல் வளைவில் ஒரு கோழி. நான் மிதித்தேன். அடுத்து ஒரு மேடு. மிதித்தேன். அடுத்து ஒன்றும் இல்லை, அப்போதும் மிதித்தேன். வண்டி குதித்து நின்றது. பின்னால் ஒரு டெம்போக்காரன் என்னென்னவோ சொல்லிவிட்டுப் போனான்.

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நீ கால எடுத்தாத்தான அம்மிணி நான் ஓட்டறது?"

"உங்களுக்கு வராது மாமா. சிலருக்கு வராது. அதுல தப்பில்ல."

கதவைத் திறந்தார். கீழே இறங்கி, சாவியை என் மடியில் வைத்துவிட்டு, இரண்டு கிலோமீட்டரும் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். நான் மரகதம் அக்காவுக்கு ஃபோன் போட்டு வரவழைத்து அவரை ஓட்டச் சொல்லி வந்து சேர்ந்தேன். அக்காவும் கோழியைப் பார்த்தார், ஆனால் தானாகவே நிறுத்தினார் என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

இனிப் பாடம் வேண்டாமாம் அவருக்கு. காலை ஐந்து மணிக்கே கிளம்பிப் போகிறார். தடுப்பூசி முகாமாம். நல்லது. போகட்டும்.

சொம்பைக் காணோம். அம்மா சீராகக் கொடுத்த பித்தளைச் சொம்பு. குனிந்து தேட முடியாது என்று தெரிந்தே சாமான்கள் ஒளிந்துகொள்கின்றன. எட்டு மணிக்குப் பார்த்தால் அதே இடத்தில் இருக்கிறது, ஈரமாக.

ஜூலை 19, சனி
இடைவெளி: அரை விரல்

மரகதம் அக்கா பாடத்துக்கு வந்ததும் வராததுமாக, "உங்க வீட்டுக்காரரக் காத்தால ஒரு செவப்புக் கார்ல பாத்தேன். பவானி ரோட்டுல" என்றார்.

"ஆபீஸ் வண்டியா இருக்கும்."

"ஆபீஸ் வண்டியில யாரு சாமி மல்லிகப்பூ வாசம் அடிக்கற சென்ட்டு வெக்கறாங்க? பக்கத்துல போச்சு, கம்முனு மணந்துச்சு."

எனக்குச் சந்தேகம் கிந்தேகம் எதுவும் இல்லை. பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்தியாயிற்று. சாயங்காலம் அவர் சட்டையை மூன்று தடவை மோந்து பார்த்தேன், அவ்வளவுதான். மல்லிகைப்பூதான். கொஞ்சம் வெற்றிலை வாசமும். எந்த ஊர் மாடு மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வெற்றிலை போடுகிறது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் நானே சட்டத்தை மீறினதாகிவிடும்.

ஜூலை 22, செவ்வாய்
இடைவெளி: இல்லை

ஜூலை 25, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். இதற்கு ஒரு மல்லிகைப்பூக்காரியே இருந்திருந்தாலும் மனசு இவ்வளவு நொந்திருக்காது.

மதியம் வெயில் என்று காரை நிழலுக்கு நகர்த்தச் சொன்னேன். உட்கார்ந்தார். சாவி போடுமுன் "முருகா" என்றார். இரண்டு தடவை சின்னதாக ஹார்ன் அடித்தார். அப்புறம் புறங்கையால் உள் கண்ணாடியைத் துடைத்தார். அந்தியூரில் இந்த மூன்றையும் இந்த வரிசையில் செய்கிற கூட்டம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நாச்சிமுத்து அண்ணனிடம் கற்றுக்கொண்ட கூட்டம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முப்பது வருடமாகக் கடை போட்டுக்கொண்டு, கிளட்ச்சிலிருந்து காலை எடுக்காமல் ஓட்டக் கற்றுக்கொடுத்து, ஊரிலுள்ள அத்தனை கிளட்ச் பிளேட்டையும் தேய்த்த மனுஷன். அவருடைய கார் சிவப்பு.

"நாச்சிமுத்துகிட்டயா போனீங்க?"

வண்டியை நிறுத்தினார். சுத்தமாக நிறுத்தினார், அதுவும் எரிச்சலாக இருந்தது.

"உன்ற வண்டியில நான் எங்க அம்மிணி ஓட்டுனேன்? நீதான ஓட்டுனே. நாச்சிமுத்தண்ணன் கால மேல தூக்கி வெச்சுட்டு வெத்தல போடறாரு. நானே போகோணும், நானே நிறுத்தோணும்."

"அத ஏன் எனக்குத் தெரியாமப் பண்ணோணும்?"

சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார்.

"அன்னைக்கு அந்த ஆட்டோவ நாந்தான கூட்டியாந்தேன்" என்றார்.

சரி, எழுதிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐந்தாம் மாதம். எனக்கு ரத்தம் பட்டது. தலை சுற்றல், என்னால் கார் ஓட்ட முடியவில்லை. அவருக்கு ஓட்டத் தெரியாது. வாசலில் கார் நிற்க, அவர் ஓடிப்போய் ஆட்டோ கொண்டுவந்தார். அந்த ஆட்டோக்காரன் அவசரம் என்று சொன்னதால் அவசரமாகவே ஓட்டினான். இங்கிருந்து ஈரோட்டுக்கு இருபத்தியொரு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் தூக்கிப் போட்டது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். கால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது, எதுவும் நிற்கவில்லை. ஆட்டோவால் இல்லை, அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று டாக்டரம்மா படம் போட்டுக் காட்டிச் சொன்னார். நான் தலையாட்டினேன், ஆனால் நம்பவில்லை. அவரும் நம்பவில்லை என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வருடமாக நான் ஆட்டோக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன், அவர் தன்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அதை நினைத்து அழுகையாக வந்தது. அழுதேன்.

சாப்பாடு போட்டேன். அப்பளம் இரண்டு கூட வைத்தேன். கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவிட்டேன். அது வேறு விஷயம்.

ஜூலை 29, செவ்வாய்

இப்போது என் வண்டியில் என்னோடு ஓட்டுகிறார். மோசமில்லை. பதினான்கு கிலோமீட்டரில் பதினாறு தடவைதான் மிதித்தேன்.

ஆகஸ்ட் 2, சனி
இடைவெளி: ஒரு விரல்

நம்ப முடியவில்லை. மூன்று தடவை அளந்தேன். மறுபடியும் ஒரு விரல் நுழைகிறது. நான் இளைத்துவிட்டேன். இரண்டு நாளாக மூச்சும் தாராளமாக வருகிறது, நெஞ்செரிச்சல் போய்விட்டது, காலையில் ஆறு இட்லி சாப்பிட்டேன். பாத்ரூமுக்குத்தான் கால் மணிக்கு ஒரு தடவை போக வேண்டியிருக்கிறது. நடக்கும்போது இரண்டு தொடைக்கும் நடுவில் தேங்காய் ஒன்று மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். இந்தக் கணக்கில் போனால் பிரசவத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு போய்விடலாம்.

அவர் நான் நடப்பதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

"என்னங் மாமா?"

"ஒன்னுமில்ல."

"சொல்லுங்."

"சொன்னா நாந்தான் சமைக்கோணும். காத்தால அஞ்சு மணிக்கு முகாமுக்குப் போகோணும். விடு."

அப்புறம் போய் ஆஸ்பத்திரிப் பையைக் கட்டினார். காரைத் திருப்பி ரோட்டைப் பார்த்து நிறுத்தினார். டேங்க் நிரப்பிவிட்டு வந்தார். இன்னும் மூன்றரை வாரம் கிடக்கிறது. பயந்த சுபாவம், என்ன செய்வது.

ஆகஸ்ட் 4, திங்கள்
இடைவெளி: ஒரு விரல், தாராளமாக

அவர் குளிக்கப் போன நேரத்தில் அரிசி டிரம்மிலிருந்து சாவியை எடுத்துப் போய்க் காரில் உட்கார்ந்தேன். சும்மா, பார்க்கத்தான். கியரைத் தொட்டதும் இருபத்திரண்டு வளையலும் கூச்சல் போட்டன. தலையில் சோப்போடு வந்து நின்றார். கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன். என் ஊரில், என் வண்டியில், எனக்கு இந்த நிலைமை.

இடுப்பு காலையிலிருந்து விட்டு விட்டு வலிக்கிறது. குனிந்து டிரம்மில் கையை விட்டதால் இருக்கும்.

ஆகஸ்ட் 9, சனி
ஈரோடு, ஆஸ்பத்திரி

மூன்று நாளாக எழுதவில்லை. எழுதாததற்குக் காரணம் பக்கத்துத் தொட்டிலில் இருக்கிறது. பெண். இரண்டு கிலோ எண்ணூறு. மூக்கு அவருடையது, கோபம் என்னுடையது. அசைவு, டாக்டரம்மா கவனிக்கவும், இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. அம்மா முந்தாநாளே பஸ் பிடித்து வந்துவிட்டாள். தலைப்பிரசவத்தைத் தவறவிட்டதற்காக இன்னும் என்னிடம் நேராகப் பேசவில்லை, குழந்தையிடம் சொல்லி எனக்குத் தெரிவிக்கிறாள்.

புதன்கிழமை நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

காலை ஏழு மணிக்கு அடுப்படியில் பனிக்குடம் உடைந்தது. காபி கலக்கிக்கொண்டிருந்தேன். முதலில் பால் பாத்திரம்தான் கவிழ்ந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் வந்து தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சனிக்கிழமையே நெனச்சேன். வயிறு எறங்கிருச்சு, இடுப்புக்கட்டு தளந்துருச்சு. மாட்டுக்கு இப்படி எறங்குனா..."

"சொல்லித் தொலைக்கறதுக்கென்ன மாமா?"

"நீதான சொல்லக் கூடாதுன்னே?"

ஆக நான் இளைக்கவில்லை. குழந்தை கீழே இறங்கிக் கிளம்பத் தயாராக நின்றிருக்கிறது. எனக்கு ஒரு விரல் கிடைத்தது அதனால்தான். வீட்டில் அது தெரிந்த ஒரே ஆளின் வாயை நான்தான் பூட்டி வைத்திருந்தேன்.

அவர் கதவைத் திறந்து பின் சீட்டைக் காட்டினார். நான் இடது முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"பின்னால படுத்துக்க அம்மிணி."

"பின்னால பிரேக் இல்ல."

முருகா. இரண்டு ஹார்ன். புறங்கையால் கண்ணாடி. கிளம்பினோம்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. வலி வந்தால் ஏதாவது ஒன்றை அழுத்த வேண்டும். என் கால் பதினோரு வருடமாக அழுத்திப் பழகியது ஒன்றே ஒன்றைத்தான். முதல் வலி தெருமுனையில் வந்தது. வண்டி குதித்து நின்றது. இரண்டாவது பஸ் ஸ்டாண்ட் எதிரே, நாச்சிமுத்து அண்ணன் கடை வாசலிலேயே. அவர் வெற்றிலையை மெல்லாமல் எங்களையே பார்த்தார். மூன்றாவது வலியின்போது பின்னால் வந்த பஸ் எங்களை இடிக்காமல் போனது சாமி புண்ணியம்.

ஊரைத் தாண்டினால் ரோடு முழுக்கக் குதிரை. ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தை அன்றைக்குத்தான். வெள்ளை, செம்மண் நிறம், புள்ளி போட்டது, எல்லாம் எதிரே வந்துகொண்டிருந்தன. ஒரு வெள்ளைக் குதிரை ரோட்டுக்குக் குறுக்கே நின்றுகொண்டது. அதன் சொந்தக்காரர் எங்கேயோ டீ குடிக்கப் போயிருந்தார். வீட்டுக்காரர் நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு இறங்கினார். வலியிலும் அதைக் கவனித்தேன். குதிரையின் வாயருகே போய் என்னவோ சொன்னார். அது நல்ல பிள்ளையாக அவரோடு நடந்து ஓரத்துக்குப் போயிற்று. கூட்டத்தில் ஒருவர் அவரை அடையாளம் தெரிந்துகொண்டு, "ஊசி போடற டாக்டருங்க, வழி உடுங்கப்பா" என்று கத்த, குதிரைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கின.

திரும்பி வந்து கியர் போட்டார். வலி வந்தது. மிதித்தேன். வண்டி நின்றது.

அவர் கோபப்படவில்லை. என் பக்கம் திரும்பினார். உள்ளங்கை காய்ந்திருந்தது, என் கைமேல் வைத்ததால் தெரியும்.

"கால எடு அம்மிணி."

பதினோரு வருடமாக நான் மற்றவர்களுக்குச் சொல்கிற வார்த்தை. மெதுவாகக் கால எடுங்க, ஒன்னும் ஆகாது, நான் இருக்கேன். எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை.

"என்னால முடியல மாமா. எனக்குப் பயமா இருக்குது."

"எனக்குந்தான். நீ எடு, நான் பாத்துக்கறேன்."

சீட்டைப் பின்னால் சாய்த்துவிட்டார். நான் அந்த ஒன்பதாம் நம்பர் செருப்புகளைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி சீட்டின்மேல் வைத்துச் சம்மணம் போட்டேன். இப்போது மிதிக்க எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வேகத்தடைக்காகக் காத்திருந்தேன். எனக்கு இருபத்தியொன்றும் மனப்பாடம். முதலாவது பெட்ரோல் பங்க் தாண்டி. வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். வரவில்லை. கண்ணைத் திறந்தால் பங்க் எப்போதோ பின்னால் போயிருந்தது. ஏறினதும் தெரியவில்லை, இறங்கினதும் தெரியவில்லை. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதும். பவானிப் பாலத்துக்கு அப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டு வலியை மட்டும் பார்த்துக்கொண்டேன். வளையலைப் பிடித்து அழுத்தினேன், நாலு உடைந்தது.

பத்தே காலுக்குப் பிறந்துவிட்டாள்.

சாயங்காலம் கேட்டேன்.

"அந்த வேகத்தடையெல்லாம் எப்படி மாமா ஏத்துனீங்க?"

அவர் குழந்தையின் கால் விரலை எண்ணிக்கொண்டே, "சொம்பு நெறையத் தண்ணி புடிச்சுக்குவேன்" என்றார். "நாச்சிமுத்தண்ணன் பக்கத்து சீட்டுல சம்மணம் போட்டு அத மடியில வெச்சுக்குவாரு. சிந்தாம இருபத்தியொன்னும் ஏத்தி எறக்கோணும். பத்து நாளு ஆச்சு, ஒரு சொட்டு சிந்தாமப் போறதுக்கு. முதல் நாளு அண்ணனோட வேட்டியெல்லாம் நனஞ்சு போச்சு."

இருபத்தியொன்று என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு ஆட்டோவில் அவரும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 11, திங்கள்
வீடு

கால் வற்றிவிட்டது. குழி விழவில்லை. அவர் அமுக்கிப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தார். "சொல்லுங் மாமா, சட்டம் முடிஞ்சுது" என்றேன். அரை மணி நேரம் மாட்டைப் பற்றியே பேசினார்.

வீட்டுக்குத் திரும்புவதில் ஒரு சிக்கல் வந்தது. அவர் கையில் இருப்பது எல்.எல்.ஆர்., பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும். நான் குழந்தையோடு பின் சீட்டில்தான் உட்கார முடியும். காலையில் ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தால் என் வெள்ளைக் காரில், என் இடது சீட்டில், மடிப்புக் கலையாத வேட்டியோடு நாச்சிமுத்து அண்ணன்.

"பஸ்ஸப் புடிச்சு வந்தேன் தாயி. தப்பா எடுத்துக்காதே" என்றார்.

"கிளட்ச்சுல கால வெச்சுட்டே ஓட்டச் சொல்லிக் குடுக்காதீங் அண்ணா" என்றேன்.

"சரி தாயி."

என் தொழிலுக்கே வந்த அவமானம். ஆனால் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு சண்டை போட முடியும். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முருகா, இரண்டு ஹார்ன், கண்ணாடி. என் பெண் ஹார்னுக்கு மட்டும் ஒரு தடவை முகம் சுளித்தாள்.

நான் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே எட்டி நாச்சிமுத்து அண்ணனின் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். லாரி எதிரே வந்தது, காலைக் கீழே விடவில்லை. மாடு குறுக்கே வந்தது, விடவில்லை. சித்தோடு வரைக்கும் பார்த்தேன், ஒரு தடவைகூடப் பிரேக்கைத் தொடவில்லை. அதற்கப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் தூங்கிவிட்டேனாம். வாயைத் திறந்துகொண்டு தூங்கினேன் என்று அம்மா குழந்தையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி அவர் கூப்பிட்டபிறகுதான் முழித்தேன்.